ருவியில் ஒரு சவரம்

விக் ஹோட்டல் அறையில் இருக்கிறது.
அது இல்லாமல் தெருவில் இறங்கினால்
என்னை ஒருவருக்கும் தெரியாது என்பதை
ஐம்பத்தெட்டு வயதில், மஸ்கட்டில், கண்டுபிடித்தேன்.

ருவி ஹை ஸ்ட்ரீட்.
இரவு பத்தரைக்கும் உலை மூடியைத் திறந்தது போல் காற்று.
விளக்குக் கம்பத்தில் நான் தொங்குகிறேன்:
‘பம்பரம் சேவியர், நேரில்!
வெள்ளி மாலை, குரும். ஐந்து ரியால்.’
அந்தப் பல்வரிசைக்குக் கீழே நின்று
சாலையைக் கடந்தேன்.
யாரும் ஹார்ன்கூட அடிக்கவில்லை.

சலூன்காரர் காளிராசு, கமுதி.
‘கட்டிங்கா, ஷேவிங்கா?’ என்றவர்
என் தலையைப் பார்த்துவிட்டு
‘ஷேவிங்’ என்று தானே சொல்லிக்கொண்டார்.
இந்த அளவுக்கு ஒரு ஜோக் எழுத
நான் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறேன்.

கழுத்தில் துணி, தாடையில் நுரை.
பின்னால், உயரத்தில், டிவி.
முன்னால் கண்ணாடி.
கண்ணாடிக்குள் டிவி, டிவிக்குள் நான்:
கட்டம் போட்ட லுங்கி, முப்பத்திரண்டு வயது.
தவமணியை அறைகிறேன்.

பெஞ்சில் காத்திருந்த ஏழு பேரும் சிரித்தார்கள்.
இமையில் சிமெண்ட் காய்ந்த ஒரு பையன்
நான் வாய் திறக்கும் முன்னே என் வசனத்தைச் சொன்னான்:
‘அகப்பை இருக்கையில சட்டி பேசலாமா?’
சாரத்தில் பகல் முழுக்க நின்றவனின் சிரிப்பு அது.
அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
வளசரவாக்கத்து மூன்று மாடியும்
அதை அடுக்கித்தான் கட்டியது.

நாற்பத்தொரு படம்.
கணக்கு வைத்திருந்தது நானல்ல, அவள்,
பால் கணக்கு எழுதும் டைரியில்:
தேதி, கம்பெனி, எத்தனை டேக்.
சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள்,
தொடாமலே அடிக்கலாம்.
தொட்டால்தான் டைமிங் வருது என்றேன்.
‘அண்ணே, இடது காது சரியா கேக்கல.
இனிமே வலப்பக்கம் அடிங்களேன்.’
கேமரா இந்தப் பக்கம்தானே இருக்கு என்றேன்.
நியாயமாகத்தான் பேசினேன்.
யூனிட்டே தலையாட்டியது.

லிஃப்ட் இயக்கும் ஒருவனின் கதையோடு
ஒரு புது டைரக்டர் வந்தான் அந்த வருடம்.
படம் முழுக்கப் பத்து வார்த்தை.
இதுல எங்கப்பா சிரிக்க வைக்கிறது என்றேன்.
‘வேண்டாம் சார், நீங்க சும்மா நின்னா போதும்.’
சும்மா நிற்கவா.
கதவைச் சாத்திய பிறகும் கை நடுங்கியது.
தேதி இல்லை என்று ஆள் விட்டுச் சொன்னேன்.

‘இந்தம்மா செத்துப்போச்சு, தெரியுமா சார்?’
காளிராசுவின் கத்தி தொண்டைக்குழியில் இருந்தது.
தலையாட்ட முடியவில்லை.
தெரியும்.
அன்றைக்கு நான் தோஹாவில், மேடையில்.
மலர்வளையம் அனுப்பச் சொன்னேன்.
ரிப்பனில் அவள் பெயரைவிட
என் பெயர் பெரிதாக இருந்ததைப்
பத்திரிகைப் படத்தில்தான் பார்த்தேன்.
என் மகள் அதை வெட்டி அனுப்பியிருந்தாள்.
கடிதம் எதுவும் வைக்கவில்லை.

மறுபடியும் அதே காட்சி.
இந்தச் சேனலில் சிரித்தால் திரும்பப் போடுவார்கள்.
அப்போதுதான் கவனித்தேன்,
கண்ணாடியில் இடம் வலமாகக் கிடந்தது எல்லாம்.
என் கை இடது கை.
அவள் கன்னம் வலது கன்னம்.
இருபத்தாறு வருடம் கழித்து
அவள் கேட்ட பக்கம் அடித்துக்கொண்டிருந்தேன்.

காளிராசு லோஷனை உள்ளங்கையில் ஊற்றி
என் இரண்டு கன்னத்திலும் பட்டென்று தட்டினார்.
பெஞ்சு இதற்குச் சிரிக்கவில்லை.
‘எரியுதா சார்?’
இடது பக்கம் இன்னும் கொஞ்சம் போடுங்க என்றேன்.

ஒரு ரியால். மீதி வாங்கவில்லை.
சிமெண்ட் பையன் என் நாற்காலியில் ஏறினான்.

வெள்ளிக்கிழமை அந்த வசனத்தைக் கேட்பார்கள்.
முதல் வரிசையிலேயே கேட்பார்கள்.
சொல்லமாட்டேன் என்று
இந்தத் தெரு முடிகிறவரை நினைத்துக்கொண்டு நடந்தேன்.
அட்வான்ஸ் வாங்கியாயிற்று.