கரடிப்பாறை ரோடு

கரடிப்பாறை இங்கிருந்து நாலு மைல்.
அங்கே போகிற பாதைக்கு வைத்த பெயரில்தான்
நாங்கள் குடியிருக்கிறோம்.

சேலத்திலிருந்து மேடேறி வந்த இஞ்சினுக்குத்
தாகம் எடுத்தது.
அவ்வளவுதான் எங்கள் தலபுராணம்.
பசு வந்து பால் சொரியவில்லை,
ராசா கனவில் யாரும் தோன்றவில்லை.
சேர்வராயன் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு
நாற்பத்தொரு பெட்டியை இழுத்தது
மூச்சு வாங்கி நின்ற இடத்தில் கிணறு வெட்டினார்கள்.
இறைக்க ஆள் வந்தது.
ஆளுக்குச் சோறு போடப் பொன்னுருவி வந்தாள்.
சோற்றுக்குக் கடன் சொன்னவர்களைத் தேடி
வட்டிக்கு விடும் லிங்கப்ப செட்டி வந்தார்.
அப்புறம் போலீஸ்.
மாரியாத்தா கடைசியில்தான் வந்தாள்,
காலரா வந்த வருசம்,
தண்டவாளத் துண்டில் அடித்த சூலத்தோடு.

குட்ஸ் ஷெட்டில் வெள்ளைக்கல் ஏற்றிய காலத்தில்
மூக்கு, புருவம், பீடி எல்லாம் ஒரே மாவு.
சுமைக்காரத் தீர்த்தானும் மேஸ்திரி மகள் ராசாமணியும்
ஜோலார்பேட்டை பாசஞ்சர் ஏறின இரவில்
அரிவாளோடு ஓடிவந்தவர்கள்
பிளாட்பாரத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள்.
எண்பது பேர் வெள்ளையாக நின்றார்கள்.
எந்தச் சாதி எது என்று தெரியவில்லை.
வண்டி ஊதியது.

டீசலுக்குத் தாகம் கிடையாது.
ஒரு தை மாதம், புகை விடாத இஞ்சின்
கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.
இறைப்பவர்கள் பதினொரு பேர்,
கூலி அன்றைக்கே நின்றது.
ஆனால் ஒன்று:
"ரயில்வே சொத்து, தொட்டால் அபராதம்" என்ற பலகையை
யாரோ பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள்.
அன்று இரவு
ஊரே அந்தத் தண்ணீரை முதல்முறை குடித்தது.
கொஞ்சம் துரு வாசம்.
ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்தார்களாம்.

என் பெயர் சம்பூரணம். கமிஷனுக்கு டிக்கெட் விற்கிறேன்.
நூற்றுக்குப் பதினைந்து.
நாளுக்கு இருபத்தைந்து டிக்கெட் போகாவிட்டால்
இனி வண்டி நிற்காது என்று கடுதாசி வந்தது.
ஊர் கூடி முறை போட்டது.
திங்கள் கிழக்குத் தெரு, செவ்வாய் சேகோ ஆலைப் பெண்கள்,
புதன் கோழிக்கடை அன்வர் ஒருவரே பத்து.
யாருக்கும் எங்கும் போகிற வேலையில்லை.
பஸ் இருக்கிறது, பைக் இருக்கிறது.
டிக்கெட்டைப் பிள்ளைகள் கணக்கு நோட்டில் வைக்கிறார்கள்,
ஆடுகிற கட்டில்காலுக்குக் கீழே ஒன்று,
மாரியம்மன் உண்டியலில் ஆறு.

வண்டி வரும். நிற்கும்.
ஒருவரும் ஏற மாட்டார்கள்.
கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டார்:
"எங்கம்மா உன் இருபத்தஞ்சு பேரு?"
"வந்துட்டே இருக்காங்க சார்" என்றேன்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
இரண்டு வருசம்.
பதினெட்டாயிரத்துச் சொச்சம் பயணம் பாக்கி நிற்கிறது.
அத்தனையும் ஒருநாள் கிளம்பினால்
இஞ்சின் தாங்காது.

இன்றைக்கு மழை. இருபத்துநாலில் நின்றுவிட்டது.
சிக்னல் விழுந்தாயிற்று.
கதவைத் திறந்து வெளியே போய்
ஜன்னலின் அந்தப் பக்கம் நின்றேன்,
உள்ளே கையை நீட்டித் தேதி குத்தி
நானே ஒன்று எடுத்துக்கொண்டேன்.
பத்து ரூபாய்.
அதில் ஒன்றரை ரூபாய் எனக்கு.