பிட்கெர்னுக்கு இன்னும் அறுபது மைல்

மூன்றாம் நாள் பாரோமீட்டர் இறங்கியபோது
தெரேவா ஒன்றும் சொல்லவில்லை.
கெட்டிலை எடுத்து
ஈரக் காலுறைகளுக்கு நடுவே செருகினாள்.
எனக்குப் புரிந்தது.

பெரிய பாயைச் சுருட்டினோம்.
முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்புறம் இழுத்துக் கட்டி
சுக்கானைக் கயிற்றில் பூட்டியதும்
படகு, அழுது ஓய்ந்த பிள்ளைபோல்
விசும்பிக்கொண்டே நின்றது.

இருபத்தெட்டு அடிதான் நீளம்.
வெளியே மலைகள் எழுந்து நடந்தன.
உள்ளே நாங்கள் கடன்களைப் பற்றிப் பேசினோம்:
மங்காரேவாவில் டீசல்காரருக்கு எவ்வளவு பாக்கி,
அவள் அண்ணன் ஏன் என் கல்யாணத்துக்கு வரவில்லை.
பெரிய அலை வரும்போதெல்லாம்
யாரோ ஒருவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினோம்.
அண்ணன் விஷயம் அப்படியே நிற்கிறது.

இரண்டு இரவு கழித்துத் தீவு தெரிந்தது,
கடலின் ஒற்றைக் கடைவாய்ப் பல்.
ரேடியோவில் ஹார்ட்லி இருமினார்:
"துறையில அலை உடையுது. எங்க படகே இறங்காது.
நாளைக்குப் பாப்போம்.
ரொட்டி சுட்டு வச்சாச்சு."

சுற்றத் தொடங்கினோம்.
தீவு காற்றை மறைத்த பக்கம் வந்ததும்
தெரேவா கெட்டிலை வெளியே எடுத்தாள்.

மூடியைத்தான் காணோம்.