தானாக ஓடாது

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
வாழைக்குலை லாரி திரும்பத் திணறும் முடுக்கில்
என் ஸ்டூடியோ. படுக்கையறையில் பாதி.
மறுபாதியில் பிள்ளை தூங்குவான்.

கல்யாணம், ஞானஸ்நானம், பால்காய்ப்பு,
அடக்கம்.
அடக்கத்துக்குத்தான் அவசரம் அதிகம்.
லீவு கிடைக்காதவர்கள்
கடலுக்கு அந்தப் பக்கம் காத்திருப்பார்கள்.

எந்த மெமரி கார்டைச் சொருகினாலும்
கேட்காமலே ஓடத் தொடங்கும் என் கம்ப்யூட்டர்,
விருந்தாளி செருப்பைக் கழற்றும் முன்பே
இலை போட்டுவிடுகிற வீடு மாதிரி.
அதை நான் குறையாக நினைத்ததில்லை.
ஒரு கிளிக் மிச்சம்.

பெனிற்றா வந்த வியாழக்கிழமை மழை.
குழித்துறை டிப்போ டிரைவர் தாசையன் மகள்.
குடையை வெளியே சாய்த்துவிட்டு
"வெட்டண்டாம் அண்ணே,
அப்பிடியே பென்டிரைவுல ஏத்தித் தாருங்க,
அண்ணனுக்குக் குடுத்து விடணும்" என்றாள்.

கார்டைச் சொருகினேன்.
அதில் பழையது ஒன்று அழியாமல் கிடந்திருக்கிறது.
பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தப் பந்தல்.
டியூட்டி முடிந்த காக்கிச் சட்டையோடு
லென்சுக்குள் எட்டிப் பார்த்து
திரை முழுக்க, சத்தம் முழுக்க
தாசையன் கேட்டார்:
"லேய், இது ஓடுதா?"

பிள்ளை விழித்து அலறினான்.
நான் மவுசைத் தேடினேன்; அது கையில்தான் இருந்தது.
பெனிற்றா அழவில்லை.
"அண்ணனுக்க ரூம்லயும் இப்பிடித் தானா ஓடுமா?"

அன்றைக்குத்தான் அமைப்புகளுக்குள் போனேன்.
சாதனங்கள், அதற்குள் ஆட்டோபிளே,
நீலமாய் ஒரு சின்னப் பொத்தான்.
தள்ளினேன். சாம்பலானது.
கீழே, பதில்களையும் எழுதியே வைத்திருந்தார்கள்:
எதுவும் செய்யாதே.
கோப்புறையைத் திற.
ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்.
துக்க வீட்டுக்குப் போகிறவனுக்கும்
இந்த மூன்றுக்கு மேல் இல்லை என்று பட்டது.

அந்தப் பதினோரு விநாடியை
எடுத்துவிடுவதா, வைப்பதா?
அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து சலாலாவிலிருந்து ரசல்ராஜ்.
அவன் கம்ப்யூட்டர் பழசு,
கண்ட்ரோல் பேனலில் தேட வேண்டியிருந்தது.
"மேல ஒரு டிக் கிடக்குல்லா, அத எடுங்க."
"எடுத்தாச்சு."
"சேவ் குடுங்க."
"குடுத்தாச்சு."
பென்டிரைவைச் சொருகுகிற சின்னச் சத்தம்.
ஒன்றும் ஓடவில்லை.
நாற்பத்திரண்டு கோப்புகள், பெயரெல்லாம் எண்கள்.

"இதுல அப்பா எது?"

நாற்பத்தொன்றிலும் பெட்டிக்குள் இருக்கிறார்.
அவன் கேட்டது அதுவல்ல.
"முதல்ல கிடக்கது. சத்தத்தக் கொறச்சி வச்சுக்கிடுங்க."
அந்தப் பக்கம் ஏசி இரைச்சல் மட்டும்.
"தானா ஓடாது" என்றேன்,
"நீங்கதான் தொடணும்."

ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு
பிள்ளைக்குப் பால் ஆற்றப் போனேன்.
அவனும் வைக்கவில்லை.