கையகலக் காற்று

தொப்பூர் கணவாயில், இறக்கம் தொடங்கும் இடத்தில்
கம்பத்தின் உச்சியில் இரண்டு கைகள்.
ஒன்று ஒளியை வீசும்.
மற்றது அதை நேருக்கு நேர் பார்க்காது;
சற்றே தலை சாய்த்து
சிதறி வருவதை மட்டும் எண்ணும்.
நடுவில் இருப்பது கையகலக் காற்று.
அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறது,
பத்தாயிரம் மீட்டர் தெரிகிறதென்று.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
பானையோ மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்.

நிமிடத்துக்கு ஒரு வரி வரும்
பாளையம் சுங்கச்சாவடிக்குப் பின்னால், என் அறைக்கு.
நேரம், ஒரு நிமிடச் சராசரி, பத்து நிமிடச் சராசரி,
ஈரப்பதம், கடைசியில் ஒரு குறி.
30 என்றால் மூடுபனி. 61 தூறல்.
05 புகையோ புழுதியோ, அதற்கே நிச்சயமில்லை.
ஒன்றுமே தெரியாவிட்டால்
எண் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து சாய்கோடு போடும்.
அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

மார்கழியில் ஏமாந்தேன்.
மூன்று இரவு தொடர்ந்து நூற்றைம்பது மீட்டர்.
மூடுபனி, மெதுவாகச் செல்க என்று
பலகையில் சிவப்பில் ஓடவிட்டேன்.
நட்சத்திரத்தை எண்ணலாம் போன்ற வானத்தின் கீழ்
லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்கள்.
நாலாம் நாள் மாதையன் ஏணி வைத்து ஏறி
கண்ணாடியின் குழிக்குள்ளிருந்து
ஒரு சிலந்தியை ஊதி இறக்கினார்.
ஈரப்பதம் 48 என்று பக்கத்திலேயே இருந்தது, மூன்று இரவும்.
நான்தான் முதல் எண்ணோடு நின்றுவிட்டேன்.
இப்போதெல்லாம் வரியைக் கடைசியிலிருந்து படிக்கிறேன்.

மாசி, செவ்வாய்க்கிழமை.
02:46   10000   10000   52   00
02:47   640   9064   52   05
02:48   10000   9064   52   00

பலகை பத்து நிமிடச் சராசரியைத்தான் நம்பும்.
சராசரி யாரையும் மன்னித்துவிடும்.
பலகை வாய் திறக்கவில்லை.

சிலந்தி ஒரே நிமிடத்தில் வலையைச் சுருட்டாது.
ஐம்பத்திரண்டில் பனி இறங்காது.
புழுதி என்றால் காற்று வேண்டும்; இலைகூட அசையவில்லை.
அப்படியானால்
கம்பத்தைத் தாண்டிப் போன ஏதோ ஒன்று
தன் புகையைத் தானே இழுத்துக்கொண்டு
இரட்டைப் பாலத்தை நோக்கி இறங்குகிறது.

"பிரேக் கருகுன லாரி ஒண்ணு வருது, வழிய ஒதுக்குங்க."
"கேமராவுல பாத்தியா?"
"இல்லண்ணா. ஒரு வரி."
ரோந்து வண்டியில் மாதையன் சற்று நேரம் பேசவில்லை.
அவருக்கும் சிலந்தி ஞாபகம் வந்திருக்கும்.
பிறகு கதவு சாத்தும் சத்தம்.

02:49. பத்தாயிரம்.
02:50. பத்தாயிரம்.
02:51.
தெளிவைப் பார்த்து நான் அப்படிப் பயந்ததில்லை.

"பர்கூர் கருங்கல்லு. மண்மேட்டுல ஏத்தி நிறுத்திட்டான்.
சக்கரத்துல ஊத்துன தண்ணி அப்படியே கொதிக்குது.
டிரைவர் ரோட்டோரம் குந்தியிருக்கான், பேச்சே வரல."

காலையில் ஹைதராபாத்திலிருந்து பொறியாளர்:
02:47 தனித்து நிற்கும் பிழை, நீக்கிவிடுங்கள்.
நீக்கவில்லை.
பதிவேட்டில் காரணத்துக்கு நாலு கட்டம்:
மழை, பனி, புழுதி, கருவிப் பழுது.
நாலையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்,
ஒரு லாரி என்று.
இடம் போதாமல்
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.