கூரையைத் தொடாத சுவர்

எங்கள் லயத்தில்
காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே நின்ற சுவர்
கூரையைத் தொட்டதில்லை.
மேலே இரண்டு முழ இடைவெளி.
அதன் வழியாகப் புகை போகும்,
கருவாட்டு வாசம் வரும்,
செவனம்மா அக்கா அடிவாங்குவதும் வரும்.

அப்பா ரேடியோவைக் கூட்டி வைப்பார்.
அம்மா ரொட்டியை இன்னும் ஓங்கித் தட்டுவாள்.
விடிந்ததும் பிரட்டுக்களத்தில்
அக்காவின் கன்னத்தைப் பார்க்காமல்
எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.
"இன்னைக்கு மழை வரும் போல."

கேட்டும் கேளாதிருக்க
ஆறு வயதுக்குள் பழகிவிட்டேன்.
கேட்கப் பழக
முப்பது ஆயிற்று.

*

ஹட்டனில் இப்போது எனக்கொரு அறை.
கீழே மருந்துக்கடை, மேலே தகரம்.
சுவரைக் கூரைவரை எழுப்பித் தந்த மேசன் பாஸ் சிரித்தார்:
"உள்ள என்ன மிஸ், தங்கமா வைக்கப் போறீங்க?"
ஆமாம் என்றேன்.

நாற்காலிகள் இரண்டு.
கதவுக்குக் கிட்ட இருப்பது வருகிறவருக்கு.
எழுந்து போகத் தோன்றினால்
என்னைத் தாண்ட வேண்டியதில்லை.
கதவைச் சாத்தட்டுமா என்று கேட்பேன்.
ஒருத்தி வேண்டாமென்றாள், ஏழு வாரம்.
யாரும் ஏறி வராதபடி படிக்கட்டில் கயிறு கட்டிவிட்டு
திறந்த கதவோடு உட்கார்ந்திருந்தோம்,
கீழிருந்து வரும் கடைக்காரரின் இருமலோடு.
எட்டாவது வாரம்
அவளே எழுந்து சாத்தினாள்.

படிவத்தில் முன்பு
தகப்பன் அல்லது கணவன் பெயர் என்றொரு கட்டம்.
கொஞ்ச நாள் பேனாவால் அடித்தேன்,
பிறகு அச்சிலேயே எடுத்துவிட்டேன்.
உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது
இப்போது முதல் வரி.
ஒருவர் அந்த வரியில் பேனாவை ஊன்றி
நெடுநேரம் இருந்தார்.
தோட்டத்துச் செக்ரோலில் அவருக்குப் பெண்பெயர்.
எழுதியதை வாங்கி வாய்விட்டுப் படித்தேன்.
பின்னால் யாரோ நிற்பது போலத் திரும்பிப் பார்த்தார்.
யாருமில்லை.
பிறகு மெதுவாக, "ம்" என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.
அது அவருடையது.

*

முதல் வருஷத்தில் ஒரு தாய் வந்தார்.
மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்.
சொல்லச் சொல்ல எனக்குத் தாங்கவில்லை.
"அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.
தலையாட்டினார்.
முந்தானையை இழுத்துச் செருகினார்.
எனக்கு நன்றியும் சொன்னார்.
திரும்பி வரவேயில்லை.

அன்றைக்கு
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

*

ஜூன் மாதத்துத் தகரத்தில் மழை இறங்கினால்
பேச்சு கேட்காது.
வியாழக்கிழமைகளில் வருகிறவர்
மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவர், சிங்களவர்.
அவரது தமிழ் பஸ்ஸில் கற்றது,
எனது சிங்களம் சந்தையில்.
மழை பிடித்தால் அவர் பாதங்கள் தரையைத் தேடும்.
நிறுத்துவோமா என்று கையால் கேட்பேன்.
வேண்டாமென்று கையால் சொல்வார்.
ஒழுகும் இடத்தில் வைத்த வாளியை
ஒரு சாண் நகர்த்துவார், துளி நடுவில் விழும்படி.
மறுபடி உட்கார்ந்து பார்ப்பார்.
அவ்வளவுதான் அன்றைய நாள்.
அறிக்கையில் எழுத
எனக்கு ஒன்றும் இருக்காது.

*

போன தீபாவளிக்கு லயத்துக்குப் போனேன்.
செவனம்மா அக்கா தனியாக இருந்தார்.
புருஷன் செத்துப் பதினோரு வருஷம்.
முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளி,
"டவுன்ல என்ன வேலை புள்ள?" என்றார்.
"கேக்குற வேலக்கா.
ஆளுக சொல்றத ஒக்காந்து கேக்குறது."
"அதுக்குச் சம்பளமா?"
சிரித்தோம்.

சிரிப்பு முடிந்த பின்னும்
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
சுவருக்கும் கூரைக்கும் நடுவே
புகை படிந்த அந்த இரண்டு முழத்தை.

"அப்ப,
அந்தப் பக்கம்
கேட்டுச்சா?"

சரியாயிடும் என்று தொடங்கிய நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கேட்டுச்சுக்கா."

ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து
மறுபடி அடுப்பில் வைத்தார்.
எழுந்து போகவில்லை நான்.