துரு

வேன் வந்து நிற்கும்போது மணி ஒன்பதே கால்.
பதினான்கு பேர். தலைக்கு நூற்று இருபது வெள்ளி.
எங்கள் லயத்துக்கு அதில் ஒன்பது,
அதுவும் சாப்பிட்டால்தான்.
மீதி ஈப்போவிலேயே இறங்கிக்கொள்கிறது.

நான் கணக்குக்காரி.
கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட்,
லீவு நாளில் கூட்டுறவின் நோட்டுப் புத்தகம்.
ஆறு வீடு, ஆறு கட்டில், ஒரு புதுக் கக்கூஸ்.
முதல் வருமானம் அதற்குள் போனது.

வருகிறவர்களுக்குக் கூரையைப் பிடிக்கிறது.
பழுத்த தகரம், ஓட்டை வழி வெயில்,
சிமெண்டுத் தரையில் சில்லறை சில்லறையாய் வெளிச்சம்.
ஒருத்தி மண்டியிட்டுப் படம் எடுத்தாள்.
அந்த ஓட்டைகளுக்கு மழைநாளில் நாங்கள் வைக்கும் வாளி
அவள் முழங்காலுக்கு எதிரே
கட்டிலடியில் ஒளிந்திருந்தது.

எட்டு மாதம். மிச்சம் இரண்டாயிரத்து நானூறு.
அம்பலவாணன் லாரியில்
பீடோரிலிருந்து புதுத் தகரம் வந்தது.
ஏணி சாத்திய அன்றைக்கே
வேன் கம்பெனி ஹர்வின் போன் அடித்தான்:
"அக்கா, மாத்திடாதீங்க.
துரு இருந்தாத்தான் ஆள் வரும்.
புதுத் தகரம் பார்க்கவா இவ்ளோ தூரம் வர்றாங்க?"

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.
இல்லாமையைக் குறைக்கத்தான் திட்டம்.
இல்லாமைக்குத்தான் டிக்கெட்.
இதை எந்தப் பக்கம் எழுத,
வரவிலா, செலவிலா?

கோயில் மண்டபத்தில் கூட்டம்.
"ஒரு வீட்டை மட்டும் அப்படியே விட்டுடலாமே,
காட்டுறதுக்கு" என்றாள் புஷ்பராணி.
"யார் வீட்டை?"
காற்றாடி மட்டும்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.

கடைசியில் பழைய தகரம் கோழிக் கொட்டகைக்குப் போனது.
இப்போது வேன் நின்றதும் கேமராக்கள் அங்கேதான்.
கோழிகள் காசு கேட்கவில்லை.
நான் கேட்டேன்:
இனித் தலைக்குப் பதினெட்டு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.
ஹர்வின் பார்த்துவிட்டான்,
இரண்டு நீலக் கோடு.
பதில் இல்லை.

நேற்று ராத்திரி செம்பனைக் காட்டைப் புரட்டிக்கொண்டு மழை.
தங்கியிருந்த ஜெர்மன்காரர்
காலையில் சிவந்த கண்ணோடு கூரையைக் காட்டினார்:
என்ன சத்தம், தூக்கமே இல்லை.
நாங்கள் ஆறு வீடும்
பெருமாள் கடை ரொட்டி தீர்ந்துபோகும்வரை தூங்கியிருந்தோம்.

வாளியில் அவருக்கு வெந்நீர் வைத்தேன்.
அதற்கு இரண்டு வெள்ளி.
எழுதிக்கொண்டேன்.