வலப்பக்கக் கணக்கு

கொப்பியின் இடப்பக்கம் முட்டை.
வலப்பக்கம் கார்.
இடப்பக்கம் மாதத்துக்கு ஒரு தாளில் அடங்கிவிடும்.
வலப்பக்கம்தான்
பின்னட்டைக்குள்ளும் போய் எழுதக் கேட்கிறது.

வவுனியாவில் ஒன்பதரை இலட்சத்துக்கு எடுத்தபோது
தரகர் ஜெகசோதி சொன்னது:
"மாருதிதானே அக்கா, தையல் மெசின் மாதிரி.
எண்ணெய் விட்டால் ஓடும்."
விட்டேன்.
விட்டதில் பாதியை மல்லாவி முற்றத்தில்
வட்டமாக வைத்துவிட்டுத்தான் ஓடுகிறது.
கோழிகள்கூட அந்த இடத்தைக் கிளறுவதில்லை.

காலையில் சோக்கை இழுத்து
மூன்று தரம் மிதிக்கவேண்டும்.
நான்காம் தரம் மிதிக்கக்கூடாது.
மிதித்தால் பெற்றோல் மணக்க மணக்க
கால்மணி நேரம் கோவித்துக்கொண்டு நிற்கும்.

வன்னிவிளாங்குளம் தாண்டினால் ஊசி ஏறும்.
சிவப்பைத் தொடமுன் கண்ணாடிகளை இறக்கி
ஹீற்றரைப் போடுவேன்,
சித்திரை வெயிலில்,
பின்சீற்றில் இருபது தட்டு முட்டையோடு.
எஞ்சினைக் காப்பாற்ற நான் வேகிறேன்.
முட்டைகள் அவியாதது என் நல்லகாலம்.

தை: ரேடியேற்றர் ஒட்டு.
மாசி: அதே ரேடியேற்றர், அரை அங்குலம் கீழே.
பங்குனி: ஹெட் கஸ்கற், முப்பத்தெட்டாயிரம்.
பேனையால் எழுத மனம் வரவில்லை,
பென்சிலால் எழுதிவைத்தேன்,
ஒருவேளை அழியுமென்று.
வைகாசி: கிளச் கேபிள்
மாங்குளம் சந்தியில் அறுந்தது.
லொறிக்காரர் இறங்கித் தள்ளினார்கள்.
பன்னிரண்டு முட்டை உடைவு.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
ஆடி: இன்சூரன்ஸ், வரிப்பத்திரம்,
புகைச் சோதனை.
இரண்டு தரம் தவறி
மூன்றாந்தரம் மட்டுமட்டாகச் சித்தி.

ஐப்பசி முதல் மழை
என் குதிக்காலை நனைத்தது, காருக்குள்.
கால்மிதியைத் தூக்கினால்
அப்பளமளவு ஓட்டை,
அதற்குள் செம்மண் றோட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கமலரூபனின் கராஜில் விட்டேன்.
கெட்டிக்காரன். ஆனால் கிளச் பார்க்கும்போதெல்லாம்
"அக்கா, நீங்கள் மிதியுங்கோ" என்பான்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

கம்பளத்தை உரித்தான்.
எங்கள் புழுதிக்கும் கீழே
யாரோ மிதித்துவந்த கடல் மணல்,
ஒரு பிள்ளையின் சப்பாத்துப் பட்டி,
ஐம்பது சதம்,
தகட்டோடு ஒட்டிப்போன ஒரு பற்றுச்சீட்டு.
சிங்களம்.
கமலரூபன் தடக்காமல் வாசித்தான்.
எங்கே படித்தாயென்றும் நான் கேட்கவில்லை.

"குருநாகல் கராஜ் ஒண்டு.
வைப்பர் ரப்பர் ரெண்டு. நானூற்றைம்பது ரூபா.
கண்ணாடி கீறுப்படமுன்னம் மாத்தச் சொல்லிக் கிடக்கு."

திகதியை அவன் வாசிக்கவில்லை.
இலக்கம்தானே, நானே வாசித்தேன்:
2009. 05. 14.

அன்றைக்கு நான் எங்கே நின்றேன்,
அவன் எங்கே கிடந்தான்.
இருவரும் வெல்டிங் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
அது இன்னும் பற்றவைக்கப்படவேயில்லை.
அன்றைக்கு இந்தக் கார்
குருநாகல் மழையில்
முகம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.
அதில் அதற்கென்ன குற்றம்.
பிள்ளையொன்று பின்சீற்றில் இருந்திருக்கும்,
ஒரு சப்பாத்துப் பட்டி அறுந்தபடி.

தகடு போடப் பதினோராயிரம்.
"துண்டை எறியட்டோ அக்கா?"
வாங்கிக் கொப்பிக்குள் வைத்தேன்.
இடப்பக்கமுமில்லை, வலப்பக்கமுமில்லை,
நடுவில், கம்பி குத்திய மடிப்பில்.

வெளிக்கிட மழை பிடித்தது.
வைப்பர் ஒரு தரம் போய்
கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு திரும்பி வந்தது.
"ரப்பர் முடிஞ்சுது" என்றான், நனைந்தபடி.
"இப்ப எவ்வளவு?"
"ரெண்டும் சேத்து ஆயிரத்தெண்ணூறு."

போடச் சொல்லிவிட்டு
மடியில் கொப்பியை விரித்து
எழுதினேன்,
பேனையால்.